கிணத்துக்கடவு ஒன்பது நாற்பத்திரண்டு

காலை ஒன்பது நாற்பத்தாறுக்குத் தனபாலின் பஸ் கிணத்துக்கடவு நிறுத்தத்தில் வந்து நின்றது. ஒன்பது நாற்பத்திரண்டுக்கு வந்திருக்க வேண்டிய பஸ்.

தனபால் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஸ் அவர் மகளுடைய மேக் கம்ப்யூட்டருக்குள் நின்றிருந்தது. ஸ்டீயரிங் சாப்பாட்டு மேஜையில் திருகி வைக்கப்பட்டிருந்தது. மேஜை பீளமேட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. வேர்வை மட்டும் நிஜம்.

"நாலு நிமிஷம்," என்றார்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி கீதா எட்டிப் பார்த்தார்.

"யாராச்சும் எறங்கி வந்து திட்டுனாங்களா?"

"இல்ல."

"அப்பறம் என்னுங்க? காப்பி ஆறுது."

கீதாவுக்குத் தெரியாதது இல்லை. தெரிந்துதான் கேட்டார். பொள்ளாச்சி கோவை தடத்தில் தனியார் பஸ்ஸுக்கு மணிக்கணக்கு கிடையாது, நிமிஷக்கணக்குதான். முன்னால் போகிற பஸ்ஸுக்கும் பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் நடுவில் நான்கு நிமிடம். முன்னால் போகிறவர் நான்கு நிமிடம் பிந்தினால் அவருக்காக நிற்கிற ஆட்களைப் பின்னால் வருகிறவர் அள்ளிக்கொண்டு போய்விடுவார். ஆகவே நான்கு நிமிடம் என்பது தாமதம் இல்லை. அது இன்னொருவருடைய பஸ்.

தனபாலுக்கு அந்த இன்னொருவர் காளிச்சாமி.

தனபால் அந்தத் தடத்தில் முப்பத்தொரு வருஷம் ஓட்டினார். அதில் இருபத்திரண்டு வருஷம் காளிச்சாமியின் பஸ் அவருக்குப் பின்னால் நான்கு நிமிடத்தில் வந்தது. ஒரு நாள்கூட அவரைத் தாண்டிக் கிணத்துக்கடவுக்குள் நுழைந்ததில்லை. காளிச்சாமி அதற்கு ஒரே காரணம்தான் சொல்வார். "என்ற மொதலாளி குடுத்தது ஓட்டை வண்டிங்க. வண்டி ஒண்ணா இருந்தா அப்பத் தெரியும்." தனபாலும் ஒரே பதில்தான் சொல்வார். "வண்டியைக் குத்தம் சொல்றவன் டிரைவரே இல்லீங்க." இதை டீக்கடையில் சொன்னார். டைம் ஆபீஸில் சொன்னார். காளிச்சாமியின் மகன் கல்யாணத்தில், பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் இடையில் சொன்னார்.

போன வருஷம் தனபாலின் இடது கண் மங்கியது. லைசென்ஸைப் புதுப்பிக்க முடியவில்லை. காளிச்சாமிக்கு முதுகு போனது. இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வீட்டுக்கு வந்தார்கள். அதன் பிறகு பொள்ளாச்சி இன்ஜினியரிங் மாணவர்கள் சிலர் ஒரு பஸ் ஓட்டும் கேமுக்குள் பொள்ளாச்சி ரோட்டை அப்படியே கொண்டுவந்து வைத்தார்கள். நிறுத்தம், வேகத்தடை, மேம்பாலம் எல்லாம் இருந்தன. ஓய்வுபெற்ற டிரைவர்களின் வாட்ஸப் குரூப்பில் நூற்றுநாற்பது பேர். அங்கே காளிச்சாமி எழுதினார்:

"தனபாலண்ணா, இதுல ரெண்டு பேருக்கும் ஒரே பஸ்ஸுங்க. ஒரே மாடல், ஒரே இன்ஜின். ஞாயித்துக்கெழமை வாரீங்களா?"

தனபால் "வாரேன்" என்று போட்டார். நூற்றுப்பதினேழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

விதிகள் எளியவை. காலை ஒன்பது பத்துக்கு இருவரும் பொள்ளாச்சியில் புறப்பட வேண்டும். எந்த நிறுத்தத்தையும் விடக்கூடாது. கோவை உக்கடத்துக்கு முதலில் வருகிறவர் ஜெயித்தவர். காளிச்சாமி தோற்றால், "வண்டி மேல குத்தம் இல்ல, என் மேலதான்" என்று குரூப்பில் எழுத வேண்டும். தனபால் தோற்றால், "காளிச்சாமிதான் நல்ல டிரைவர்" என்று எழுத வேண்டும்.

இன்றைக்குப் புதன்கிழமை. அவர் தினமும் நான்கு நிமிடம் லேட்.

மாலையில் மகள் லோகப்பிரியா ஆபீஸிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் தனபால் கேட்டுவிட்டார்.

"அம்மணி, வண்டி எங்க இழுக்குதுன்னு பாரு."

லோகப்பிரியா தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இந்த கேமு விண்டோஸுக்குன்னு பண்ணுனதுங்கப்பா. அது பேசறது மேக்குக்குப் புரியாது. அதனால நடுவுல ஒரு சாப்ட்வேர் போட்டிருக்கறேன். கேமு சொல்றதை வாங்கி, மேக்குக்குப் புரியற மாதிரி மாத்திச் சொல்லும்."

தனபால் கொஞ்சம் யோசித்தார்.

"கண்டக்டரு."

"என்னுங்க?"

"பின்னால என்ன நடக்குதுன்னு டிரைவருக்குத் தெரியாது கண்ணு. கண்டக்டரு பாத்து விசில் அடிப்பான். அப்பத்தான் வண்டி நகரும். உன்ற கண்டக்டரு விசிலை லேட்டா அடிக்கறான்."

லோகப்பிரியா நான்கு வருஷம் இன்ஜினியரிங் படித்தவள். இந்த விஷயத்தை இவ்வளவு சுருக்கமாக அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"அவன் கொஞ்சந்தாங்க லேட்டு. பெரிய லேட்டு இது." மேக்குக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டியைத் தொட்டுக் காட்டினாள். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். மேக்குக்குள் இடம் இல்லை. ஐந்து வருஷத்துப் போட்டோக்கள் அங்கே சீட் பிடித்து உட்கார்ந்திருந்தன. கேம் வெளியே இந்தப் பெட்டியில் இருந்தது. "ரோடு, மரம், ஊடு, ஆளு எல்லாமே இதுக்குள்ள இருக்குதுங்க. நீங்க போகப் போக ஒவ்வொண்ணா இந்த ஒயர் வழியா வரோணும்."

"அப்ப நான் போற ரோடு இன்னும் வல்லையா?"

"வந்துட்டிருக்குதுங்க."

"நான் வந்துட்டேன். ரோடு வல்ல."

"அப்படியும் சொல்லலாங்க. கிணத்துக்கடவுல கடை கண்ணி ஜாஸ்தி. எல்லாம் ஒண்ணா வாரப்ப படம் நின்னுக்குது."

"படம் நிக்குது. கடிகாரம் மட்டும் நிக்க மாட்டீங்குதே?"

"அது ஒயர்ல வாரதில்லீங்கப்பா."

கீதா தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் இடம் தேடினார். ஸ்டீயரிங் இருந்த பக்கம் இடம் இல்லை.

"பஸ்ஸு ஓட்டுனப்ப ஊட்டுல இல்ல," என்றார் மகளிடம். "இப்ப ஊட்டுலயே இருந்தும் ஊட்டுல இல்ல. நாம கீழ உக்காந்து சாப்பிடலாம், வா."

லோகப்பிரியா எழுந்தாள். பாதி வழியில் திரும்பினாள்.

"காளிச்சாமி மாமாகிட்டச் சொல்லிப்போடுங்கப்பா. அவரு விண்டோஸ் கம்ப்யூட்டர் வெச்சிருக்கறாரு. நடுவுல ஆளும் இல்ல, வெளிய பெட்டியும் இல்ல. எங்க வண்டி சரியில்லீங்கன்னு சொன்னாப் புரிஞ்சுக்குவாரு."

தனபால் ஸ்டீயரிங்கின் திருகை இறுக்க ஆரம்பித்தார். கீதா திரும்பிச் சுவரைப் பார்த்துச் சிரித்தார். வண்டியைக் குத்தம் சொல்கிறவர்களுக்குத் தனபால் சொல்லும் பதிலை இருபத்திரண்டு வருஷம் அவரும் கேட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை தனபால் ஹார்டு டிஸ்க்கை அதன் ஒயரோடு துண்டில் சுற்றி, டிபன் பையில் வைத்துக்கொண்டு உக்கடத்துக்குப் போனார். அங்கே சஹீர் இருந்தார். பஸ் லாரிகளுக்கு எலக்ட்ரிக் வேலை செய்கிறவர். தனபாலின் பஸ்ஸுக்கு முப்பது வருஷமாக ஒயர் இழுத்தவர். தனபாலுக்கு வண்டியில் கோளாறு என்றால் வேறு யாரிடமும் போகத் தெரியாது.

சஹீர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னுங்கண்ணா இது?"

"பொள்ளாச்சி ரோடு."

சஹீர் அதற்கு மேல் கேட்கவில்லை. செல்போன் சார்ஜரில் பெட்டியைச் சொருகினார். உள்ளே ஏதோ சுற்ற ஆரம்பித்தது. நீள ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, அதன் நுனியைப் பெட்டியின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். இன்ஜினுக்கு எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டார். தனபால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"உள்ள ஒரு தட்டு சுத்துதுங்கண்ணா. பேரிங் நல்லா இருக்குது. சத்தம் சுத்தம்."

"அப்ப இழுவை ஏன் இல்ல?"

சஹீர் ஒயரைக் கையில் எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"யாருங்க இந்த ஒயரைப் போட்டது?"

"எம் பொண்ணு."

"பாப்பாவாங்க," என்றார் சஹீர். குரலைக் குறைத்துக்கொண்டார். "இது போனுக்குச் சார்ஜ் போடற ஒயருங்க. ஹார்னுக்குப் போற ஒயரை எடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் குடுத்தா வண்டி கெளம்புங்களா? இவ்வளவு பெரிய ரோட்டை இந்த ஒயர்ல எப்படிங்க இழுக்கறது?"

வீட்டுக்கு வந்ததும் தனபால் அதை அப்படியே சொன்னார். லோகப்பிரியா ஒயரின் இரண்டு முனையையும் பார்த்தாள். பிறகு மேக்கில் எதையோ திறந்து, ஒயர் எவ்வளவு வேகத்தில் இழுக்கிறது என்று காட்டும் எண்ணைப் பார்த்தாள்.

"சஹீர் மாமா எங்கீங்க படிச்சாரு?"

"உக்கடத்துல. லாரிக்கு அடியில."

வெள்ளிக்கிழமை அவள் புது ஒயர் வாங்கி வந்தாள். தடித்த, குட்டையான ஒயர். தனபால் அதை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அன்று மாலை ஒரு நடை ஓட்டினார்கள். கிணத்துக்கடவில் இரண்டு நிமிடம்தான் பிந்தியது. ஆனால் தனபால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். நிறுத்தத்தில் வண்டி சும்மா நின்றால் பெட்டி அமைதியாகிவிடும். மறுபடி கிளம்பும்போது ஒரு குலுக்கல்.

"அது தூங்கிருதுங்கப்பா. வேலை இல்லாதப்ப."

"டிரைவரு முழிச்சிருக்கறப்ப வண்டி தூங்கலாமா?"

லோகப்பிரியா மேக்கின் அமைப்புகளில் தேடி, ஹார்டு டிஸ்க் தூங்கக்கூடாது என்று ஒரு இடத்தில் சொல்லிவைத்தாள். அதன் பிறகு அது தூங்கவில்லை. தனபாலும் சரியாகத் தூங்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பத்துமூன்று. இன்னும் ஒரு நிமிடம் லேட்.

"இதுக்கு மேல வண்டியில ஒண்ணும் பண்ண முடியாதுங்க," என்றாள் லோகப்பிரியா. "ஒரு வழி இருக்குது. ஆளுங்களைக் கொறைச்சுப்போடலாம்."

"எந்த ஆளுங்களை?"

"பயணிங்களைத்தான். பாருங்க, இங்க ஒரு கோடு இருக்குது. இதை இந்தப் பக்கமாத் தள்ளுனா நிறுத்தத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. பெட்டிக்கும் வேலை கம்மி. ஒரு நிமிஷம் மிச்சமாயிரும்."

தனபால் அந்தக் கோட்டைப் பார்த்தார். தள்ளினால் ஜெயித்துவிடலாம். யாருக்கும் தெரியாது.

"ஆள் இல்லாம எதுக்கு அம்மணி பஸ்ஸு?"

"ஜெயிக்கறதுக்குங்க."

"காலிவண்டியை யாரு வேணும்னாலும் ஓட்டலாம். லோடு ஏத்திக்கிட்டு வர்றதுதான் டிரைவரு."

அன்று மாலை அவரே அந்த ஒரு நிமிடத்தைத் தேடினார். சாப்பாட்டு மேஜையில் காகிதம் வைத்து எழுதினார். கோவில்பாளையம் வேகத்தடையில் இரண்டாவது கியருக்குப் போகாமல் மூன்றிலேயே எடுக்கலாம். கிணத்துக்கடவுக்கு முன்னால் முந்நூறு மீட்டரில் வேகத்தை விட்டுவிட்டால், பெட்டி ஊரைக் கொண்டுவருவதற்கு அவகாசம் கிடைக்கும். வேகமாகப் போனால் லேட், மெதுவாகப் போனால் டைம். முப்பத்தொரு வருஷத்தில் அவருக்கு இது புதிது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் பெடலில் கால் வைத்தார். லோகப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்தாள். போன் ஸ்பீக்கரில் காளிச்சாமி இருந்தார்.

"தனபாலண்ணா, சாப்டீங்களா?"

"ஆச்சுங்க காளிச்சாமி. நீங்க?"

"ஆச்சுங்க. தோத்துப்போட்டு வருத்தப்படக்கூடாதுங்க."

"உக்கடம் வந்து சேந்துட்டுப் பேசுங்க. நான் அங்க டீ குடிச்சிட்டு இருப்பனுங்க."

"சரிங்கண்ணா. எனக்கும் ஒண்ணு சொல்லி வையுங்க."

ஒன்பது பத்துக்கு இரண்டு பஸ்களும் பொள்ளாச்சி நிலையத்தைவிட்டு வெளியே வந்தன. தனபால் முன்னால். மூன்றாவது நிறுத்தத்தில் காளிச்சாமி பக்கத்தில் வந்தார். நான்காவதில் பின்தங்கினார். தனபால் கோவில்பாளையத்து வேகத்தடையை மூன்றாவது கியரிலேயே எடுத்தார். ரோடு வந்துகொண்டே இருந்தது. மரங்கள் நேரத்துக்கு வந்தன. ஒரு தென்னந்தோப்பு மட்டும் கொஞ்சம் பிந்தி வந்து, தன் இடத்தில் நின்றுகொண்டது.

"ஒன்பது நாப்பதுங்க," என்றாள் லோகப்பிரியா. அவள் குரல் மாறியிருந்தது. புதன்கிழமை இது அவளுக்கு அப்பாவின் பொழுதுபோக்கு. இன்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முந்நூறு மீட்டர் முன்னால் தனபால் காலை எடுத்தார். பஸ் தணிந்தது. மேம்பாலம் வந்தது. கடைகள் வந்தன. கிணத்துக்கடவு நிறுத்தத்தில் அவர் பிரேக் பிடித்தபோது மணி ஒன்பது நாற்பத்திரண்டு. பின்னால் காளிச்சாமியின் முகப்பு விளக்கு அப்போதுதான் வளைவில் தெரிந்தது.

"அப்பா," என்றாள் லோகப்பிரியா.

ஆட்கள் ஏறினார்கள். ஒன்பது பேர், பத்துப் பேர், பதினோரு பேர். தனபால் கியரில் கை வைத்தார். கண்ணாடியில் பின்படியைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

பின்படியில் ஒரு பெண் ஏறிக்கொண்டிருந்தார். சிவப்புச் சேலை. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். இடுப்பு வரை இருந்தார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் பின்னால் இருந்த பேக்கரியின் பெயர்ப்பலகை தெரிந்தது.

"எடுங்கப்பா," என்றாள் லோகப்பிரியா.

"ஆள் ஏறுது."

"அது கேமுல வார கோளாறுங்க. மீதி இன்னும் பெட்டியிலிருந்து வல்ல. நீங்க கதவைச் சாத்திட்டு எடுங்க. கேமு ஒண்ணும் சொல்லாது."

"படியில கால் இருக்குது கண்ணு."

"அது நெசக் கால் இல்லீங்கப்பா."

"எனக்குத் தெரியும்."

தெரிந்தது. ஆனாலும் கை கியருக்குப் போகவில்லை. படியில் கால் இருக்கும்போது அவர் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை. கை அதைத் தனியாகவே கற்றுவைத்திருந்தது. அவர் சொன்னாலும் கேட்காது போலிருந்தது.

கீதா கரண்டியோடு வந்து திரையைப் பார்த்தார்.

"தலையில்லாம எங்க போறாளாமா?"

"உக்கடம்," என்றார் தனபால்.

ஒன்பது நாற்பத்துமூன்று. காளிச்சாமியின் பஸ் பின்னால் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டது. முன்னால் வலது பக்கம் ரோடு காலியாகக் கிடந்தது.

"என்னுங்கண்ணா, நின்னுட்டீங்க?" காளிச்சாமியின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"ஆள் ஏறுதுங்க."

"எங்கீங்க? எனக்கு உங்க படியில ஒருத்தருந் தெரியலீங்களே. எல்லாரும் ஏறி உக்காந்துட்டாங்க."

தனபால் திரையைப் பார்த்தார். சிவப்புச் சேலை இன்னும் அதே இடத்தில் நின்றது. லோகப்பிரியா கை இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டாள். "எதாச்சும் சொல்லுங்க," என்று உதட்டை மட்டும் அசைத்தாள். டீசல் போடுவதாகச் சொல்லலாம். கீதா கூப்பிட்டதாகச் சொல்லலாம். கண் வலி என்று சொல்லலாம், அது பாதி உண்மை.

"காளிச்சாமி," என்றார்.

"சொல்லுங்கண்ணா."

"வண்டி சரியில்லீங்க."

கீதாவின் கரண்டியிலிருந்து ஒரு சொட்டுச் சாம்பார் தரையில் விழுந்தது. யாரும் துடைக்கவில்லை. போனில் காளிச்சாமி வீட்டில் எங்கோ குக்கர் விசில் அடித்தது மட்டும் கேட்டது.

"என்னுங்க சொன்னீங்க?"

"என்ற வண்டி சரியில்ல. பெட்டி வெளிய இருக்குது, நடுவுல வேற ஒருத்தன் இருக்கறான். ஆளு பாதிதான் வந்திருக்குது."

"எந்தப் பாதிங்க?"

"கீழ்ப் பாதி."

காளிச்சாமியின் பஸ் வலது இண்டிகேட்டரைப் போட்டது. தனபால் கண்ணாடியில் அதைப் பார்த்தார். மஞ்சள் விளக்கு மின்னியது, மின்னியது. பஸ்ஸின் மூக்கு ஒரு சாண் வெளியே வந்தது. தனபால் கதவைச் சாத்தவில்லை.

ஒன்பது நாற்பத்துநான்கு.

இண்டிகேட்டர் அணைந்தது. ஸ்பீக்கரில் ஹேண்ட் பிரேக் இழுக்கிற சத்தம் கேட்டது.

இரண்டு பஸ்களும் மேம்பாலத்துக்குக் கீழே நின்றன. ஒன்பது நாற்பத்தைந்து ஆனது. ஒன்பது நாற்பத்தாறு ஆனது. இனி இரண்டு பேருமே லேட்தான். பெட்டிக்குள் தட்டு சுற்றுகிற சத்தம் மெல்லக் கேட்டது.

"ஏனுங்கண்ணா," என்றார் காளிச்சாமி, "இப்பத் தலை வந்துருச்சுங்களா?"